டேப் கறுத்தால் போதுமா, சிஸ்டர்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஓடி (ஆபரேஷன் தியேட்டர்) பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர் கேட்டிருக்கிறார்: "ஆபரேஷன் முடிந்ததும் கருவிகளை சாவ்லான் தண்ணீரில் ஊறப்போடுகிறோம். ஆயாம்மா கழுவி வைப்பார். பின்னில் (பக்கவாட்டில் துளை உள்ள உலோக டப்பா) அடுக்கி ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமியைக் கொல்லும் இயந்திரம்) செய்கிறோம். வெளியே ஒட்டிய, சூட்டில் நிறம் மாறும் டேப் கறுத்திருந்தால் ஸ்டெரைல் (உயிருள்ள கிருமி எதுவும் இல்லாதது) என்று எடுத்துக்கொள்கிறோம். லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) சாமான்கள் மட்டும் சைடெக்ஸில் (குளுட்டரால்டிஹைடு கிருமிநாசினி) 20 நிமிடம். சில நாள் பின்னைத் திறந்தால் துணி ஈரமாக இருக்கிறது. படித்ததற்கும் இங்கே நடப்பதற்கும் ஒத்துப்போகவில்லை. எதை முதலில் மாற்றுவது?"

சிஸ்டர், ஓடியிலும், கருவிகளை ஸ்டெரைல் செய்யும் பிரிவான சிஎஸ்எஸ்டியிலுமாக 27 வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் சரிசெய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். ஒரு கருவி ஸ்டெரைலா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. பளபளக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸும் அதே மாதிரிதான் இருக்கும், கிருமி ஒட்டியதும் அதே மாதிரிதான் இருக்கும். அதனால் அந்தக் கருவி வந்த வழி முழுவதும் சரியாக இருந்ததா என்பதை மட்டும்தான் நம்மால் உறுதிசெய்ய முடியும். அந்த வழியில் ஆட்டோகிளேவ் ஒரு படிதான். நம் ஊரில் பெரும்பாலான ஓடிகளில் அந்த ஒரு படியை மட்டும் நம்பிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறோம்.

டேப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பின்னுக்கு வெளியே ஒட்டும் டேப், "இந்தப் பின் ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தது" என்று மட்டும்தான் சொல்கிறது. போனதையும் போகாததையும் கலந்துவிடாமல் பிரித்துக் காட்டுவதற்காக வந்தது அது. பின்னுக்கு நடுவில், நாலு மடிப்புத் துணிக்கு உள்ளே இருக்கும் கிட்னி ட்ரேக்கு நீராவி போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் இருக்கும். ஒரு நாள் காலை முதல் கேஸுக்குப் பின்னைத் திறந்தபோது, வெளி டேப் நன்றாகக் கறுத்திருந்தது. உள்ளே கவுனுக்கு நடுவில் மூத்த சிஸ்டர் ஒருவர் பழக்கமாக வைக்கும் டேப் துண்டு வெள்ளையாகவே இருந்தது. பின்னின் பக்கவாட்டுத் துளைகளைத் திறக்காமலே முந்தின நாள் மாலை ஷிஃப்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பின் இல்லை, அன்றைக்கு ஏற்றிய அத்தனையும் அப்படித்தான். எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம், அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது, நிறைய திட்டு வாங்கினோம். அந்த வெள்ளைத் துண்டு இல்லையென்றால் முதல் நோயாளியின் வயிற்றைத் திறந்திருப்போம். அதற்கு முந்தைய மாதங்களில் எத்தனை முறை இப்படி நடந்து யாருக்கும் தெரியாமல் போயிருக்கும் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விடவில்லை.

துளை ஏன் அவ்வளவு முக்கியம்? ஆட்டோகிளேவில் கிருமியைக் கொல்வது பிரஷர் கிடையாது. ஈரமான நீராவி கருவியைத் தொட்டு, அதன்மேல் தண்ணீராக மாறும்போது கொட்டும் சூடுதான் கொல்கிறது. அந்தச் சூட்டை 121 டிகிரிக்குக் கொண்டுபோவதற்குத்தான் பிரஷர். நீராவி தொடாத இடத்தில் வேலை நடக்காது. நீராவியைத் தொடவிடாமல் தடுப்பது காற்று.

காற்று நீராவியைவிடக் கனம், கீழே போய்த் தங்கிவிடும். அதை வெளியேற்றாமல் வால்வை மூடிவிட்டால், காற்றும் நீராவியும் சேர்ந்து பிரஷர் காட்டும் முள்ளை 15 பவுண்டுக்குத் தள்ளிவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் பாதிக் காற்று உள்ளே நின்றுவிட்டால் அந்த 15 பவுண்டில் சூடு 112 டிகிரி பக்கம்தான் இருக்கும். காற்றே வெளியேறவில்லை என்றால் 100 டிகிரியைத் தாண்டாது. முள் பொய் சொல்லவில்லை, பிரஷரை மட்டும்தான் சொல்கிறது. நாம்தான் அதைச் சூடு என்று படித்துக்கொள்கிறோம். மலை ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஊட்டி மாதிரி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு, அதனால் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகும் 15 பவுண்டில் 121 வராது. 18, 19 பவுண்டு வரை போக வேண்டும். அங்கே வெப்பமானி இல்லாமல் ஓட்டவே கூடாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உலகத்தில் நடந்த மிக மோசமான ஸ்டெரிலைசேஷன் தவறுகளில் ஒன்று இதே காற்றால் வந்தது. 1971 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில், நோயாளிக்கு டிரிப்பாக ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்களை ஆட்டோகிளேவில் ஏற்றினார்கள். உள்ளே காற்று தங்கிவிட்டது. கீழ்த்தட்டுகளில் இருந்த பாட்டில்களுக்குத் தேவையான சூடு ஏறவில்லை. அடியில் வடிகாலோடு இணைந்த வெப்பமானி அதைச் சரியாகவே பதிவுசெய்தது. ஓட்டியவர்களோ அது வழக்கம்போல் பழுதாகியிருக்கிறது என்று நினைத்து, மற்ற முள்ளை நம்பிவிட்டார்கள். பரிசோதனைக்கு எடுத்த பாட்டில்கள் தேறிவிட்டன, ஏனென்றால் அவை மேல்தட்டில் இருந்தவை. 1972 மார்ச்சில் பிளைமவுத் நகரின் டெவன்போர்ட் மருத்துவமனையில் அந்த டிரிப் ஏறிய நோயாளிகள் மோசமானார்கள், உயிர்கள் போயின. அரசு அமைத்த கிளாத்தியர் விசாரணைக் குழுவின் அறிக்கை அதே ஆண்டு ஜூலையில் வந்தது. அதில் என்னை உலுக்கியது இயந்திரக் கோளாறு இல்லை. வெப்பமானி உண்மையைச் சொல்லியும், அது ஏன் அங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று ஓட்டியவர்களுக்குப் புரிந்திருக்கவில்லை. உங்கள் ஓடியில் வால்வைத் திருகும் தம்பிக்கு, ஏன் திருகுகிறோம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது நிற்கும் வகைச் சாதாரண ஆட்டோகிளேவ் என்றுதான் நினைக்கிறேன். அதில் வெளியேற்றும் வால்வைத் திறந்தே வைத்துச் சூடேற்றுங்கள். முதலில் விட்டுவிட்டு வரும், அப்புறம் இடைவிடாத நீராவியாக வரும். அதுவும் சில நிமிடம் போகட்டும், பிறகு மூடுங்கள். நேரத்தை ஸ்விட்ச் போட்டதிலிருந்து எண்ணக் கூடாது. 121ஐத் தொட்டதிலிருந்து எண்ண வேண்டும். துணி சுற்றிய செட்டுக்கு 30 நிமிடம். 15 நிமிடம் என்று நம் பாடப்புத்தகத்தில் படித்தது சுற்றாத பொருளுக்குப் பொருந்தலாம், உங்கள் பின்னுக்குப் பொருந்தாது. காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சும் பெரிய இயந்திரம் என்றால் 132 டிகிரியில் 4 நிமிடமே போதும். ஆனால் அதில் தினமும் முதல் லோடுக்கு முன் காலி அறையில் பௌவி-டிக் பரிசோதனை செய்ய வேண்டும். காற்று ஒழுங்காக வெளியேறுகிறதா என்று பார்ப்பதற்காக 1963இல் வந்த பரிசோதனை அது. அதற்காக உள்ளே வைக்கும் தாள் முழுவதும் ஒரே சீராக நிறம் மாற வேண்டும். நடுவில் வெளிறிய திட்டு இருந்தால் அன்றைக்கு அந்த இயந்திரம் ஓடக் கூடாது.

ஈரமான துணிக்கு வருவோம். பின்னை இறுக்கி அடைத்திருப்பீர்கள். மடிப்புகளுக்கு நடுவே கை தாராளமாக நுழையவில்லை என்றால் நீராவியும் நுழையாது. பாத்திரங்களை நிமிர்த்தி வைத்தால் காற்றும் தண்ணீரும் அதிலேயே நிற்கும், பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். துணியையும் இரும்பையும் ஒன்றாக ஏற்றினால் துணி மேலே, இரும்பு கீழே. கத்தரி, ஃபோர்செப்ஸ் எல்லாம் வாய் திறந்தபடி இருக்க வேண்டும். ராட்செட்டைப் பூட்டி வைத்தால் கீலுக்குள் நீராவி போகாது, கருவியும் சூட்டில் விரிசல் விடும். நேரம் முடிந்து நீராவியை வெளியேற்றியதும் மூடியைச் சட்டென்று முழுவதும் திறக்காமல், கொஞ்சமாகத் தூக்கி 15, 20 நிமிடம் விடுங்கள். எடுத்த சூட்டோடு கிரானைட் மேடையில் வைக்காதீர்கள், அடியில் வியர்த்துவிடும். இத்தனைக்குப் பிறகும் ஈரம் இருந்தால் அந்தச் செட் ஸ்டெரைல் இல்லை. "கொஞ்சம்தானே, ஃபேனில் காயவைத்துக்கொள்ளலாம்" என்பது நான் கேட்காத ஓடி கிடையாது. ஈரத்துணி வழியாகக் கிருமி திரிபோல் உள்ளே ஏறும். திரும்ப ஏற்றுவது ஒன்றே வழி.

இப்போது கழுவுதல். நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடம் இது, நான் அதிகம் பேச விரும்புவதும் இதுதான். கழுவாத கருவியை ஸ்டெரைல் செய்ய முடியாது. காய்ந்த ரத்தம் ஒரு மேலுறை மாதிரி, அதற்கடியில் இருக்கும் கிருமியை நீராவி எட்டுவதில்லை. ஓடிக்குள்ளேயே, கேஸ் நடக்கும்போதே, ஸ்க்ரப் சிஸ்டர் ரத்தக் கருவியைத் தண்ணீரில் நனைத்த காஸ் துணியால் துடைத்துக்கொண்டே வருவது நல்லது. சலைன் வேண்டாம், உப்பு எஃகை அரித்துப் புள்ளிபுள்ளியாக்கிவிடும். அந்தப் புள்ளிகள்தான் அடுத்த முறை ரத்தம் ஒளியும் இடம். முடிந்ததும் காயவிடாமல் ஈரத்துணி போர்த்திக் கழுவும் இடத்துக்கு அனுப்புங்கள்.

சாவ்லானில் ஊறப்போடுவதை நிறுத்தலாம். எச்ஐவி பயம் பரவிய காலத்தில், கழுவுகிறவரைக் காப்பாற்ற முதலில் குளோரினில் 10 நிமிடம் ஊறப்போட வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பல பேட்சுக்கு அதையே சொல்லிக்கொடுத்தேன். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கையேடு, கழுவுவதற்கு முன் கிருமிநாசினியில் ஊறவைப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ரத்தமும் சளியும் இருக்கும் இடத்தில் கிருமிநாசினி பாதி செத்துவிடும். குளோரின் கருவியை அரிக்கும். சாவ்லான் சோப்போடு சேர்ந்தால் சக்தி இழக்கும். கரைத்து இரண்டு நாள் வைத்த சாவ்லான் தண்ணீரில் சூடோமோனாஸ் என்ற கிருமி வளரவே செய்யும். எல்லாவற்றையும்விட, "ஊறப்போட்டாச்சு" என்ற நிம்மதியில் தேய்ப்பது குறைந்துபோகிறது. கழுவுகிறவரைக் காப்பாற்றுவது கனமான கையுறையும் ஏப்ரனும் முகத்தடுப்பும்தான்.

கழுவ என்சைம் கரைசலை வாங்குங்கள். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில், எழுதியிருக்கும் நேரம் வரை, வெதுவெதுப்பான தண்ணீரில். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும், முட்டை வேகிற மாதிரி. கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றி, கீலைத் திறந்து, தண்ணீருக்கு அடியில் பிரஷால் தேய்க்க வேண்டும். தண்ணீருக்கு மேலே தேய்த்தால் முகத்தில் தெறிக்கும். குழாய் மாதிரி உள்ளவற்றுக்கு அந்த அளவுக்கான மெல்லிய பிரஷ், அப்புறம் சிரிஞ்சால் தண்ணீர் பீச்சுவது. நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு என்பதால் கடைசி அலசலை ஆர்ஓ தண்ணீரில் வையுங்கள். கருவியில் வெள்ளைப் படலமும் ஆட்டோகிளேவ் சுவரில் காறையும் அப்புறம் வராது. நன்றாகக் காயவைத்து, ஒரு நல்ல விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துக் கீலைப் பாருங்கள். ஒரு வாரம் நீங்களே உட்கார்ந்து பாருங்கள், ஆயாம்மாவைக் குறை சொல்லும் எண்ணமே போய்விடும். கழுவும் இடத்தில் ஒரே சிங்க், ஒரே தேய்ந்த பிரஷ், மங்கல் பல்பு என்று இருந்தால் யாரால் என்ன செய்ய முடியும்?

லேப்ராஸ்கோப்பிதான் என்னைப் பயமுறுத்துகிறது. குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம் போடுவது ஸ்டெரிலைசேஷன் கிடையாது. அது உயர்மட்டத் தொற்றுநீக்கம், கிருமியின் விதை மாதிரியான கெட்டி வடிவமான ஸ்போர்கள் சாகாது. அதே கரைசலில் ஸ்டெரைல் ஆக 10 மணி நேரம் வேண்டும். அமெரிக்காவின் ஏர்ல் ஸ்பால்டிங் அரை நூற்றாண்டுக்கும் முன்பே வகுத்துவைத்த கணக்கு எளிமையானது: திசுவுக்குள் போவது ஸ்டெரைலாக இருக்க வேண்டும், சளிச்சவ்வைத் தொடுவதற்கு உயர்மட்டத் தொற்றுநீக்கமாவது வேண்டும், முழுத்தோலைத் தொடுவதைச் சுத்தம் செய்தால் போதும். துளை போட்டு வயிற்றுக்குள் நுழையும் கருவியான டிரோகார் எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு ஓட்டை, எடுத்த பிறகு அலசும் தண்ணீர். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி முடிந்து வீட்டுக்குப் போனவர்களுக்கு, துளை போட்ட இடங்களில் ஆறாத கட்டிகள் வரிசையாக வந்தன. கிருமி மைக்கோபாக்டீரியம் கெலோனே. தேடிப் போனால், கருவிகளை மருந்திலிருந்து எடுத்து அலசிய தண்ணீரில் வந்து நின்றது. 2006இல் மருத்துவ இதழில் வந்த விவரம் இது. இந்த வகைக் கிருமி குழாய்த் தண்ணீரில் வாழும், சாதாரண ஆன்டிபயாட்டிக்குக் கேட்காது, கல்ச்சரில் சாதாரணமாகத் தேடினால் சிக்காது. நோயாளி மாதக்கணக்கில் அலைவார். ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துத் துளைத் தழும்பில் முடிச்சும் கசிவுமாக யாராவது உங்கள் ஓபிக்கு வருகிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாற்று என்ன? இப்போது வரும் டிரோகார், கிராஸ்பர், கத்தரி எல்லாம் பெரும்பாலும் ஆட்டோகிளேவைத் தாங்கும், டெலஸ்கோப்பிலும் தாங்கும் வகை உண்டு. கருவியோடு வந்த தாளைத் தேடி எடுத்துப் படியுங்கள். தாங்காததை ஈடிஓ (எத்திலீன் ஆக்சைடு வாயு) அல்லது பிளாஸ்மா முறையில் ஸ்டெரைல் செய்யும் வசதி உள்ள இடத்துக்கு அனுப்பலாம். ஈடிஓ என்றால் அன்றைக்கே திரும்ப வராது. வாயு வெளியேற இயந்திரத்துக்குள்ளேயே சூட்டில் 8 முதல் 12 மணி நேரம் வேண்டும், அது புற்றுநோய் உண்டாக்கும் வாயு. சைடெக்ஸை இப்போதைக்கு விட முடியாது என்றால், ஸ்கோப்பை முதல் நாள் இரவே போட்டு 10 மணி நேரம் வையுங்கள், அவ்வளவு நேரம் தாங்குமா என்று அந்தத் தாளிலேயே பார்த்துக்கொண்டு. கரைசலின் வலிமையைத் தினமும் சோதனை ஸ்ட்ரிப்பில் பாருங்கள், கலந்த தேதியை எழுதுங்கள், ஸ்டெரைல் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். கரைசலுக்குள் கையை விட்டு எடுக்காதீர்கள், ஜன்னல் இல்லாத அறையில் வைக்காதீர்கள்.

சோதனைக்கு இரண்டு செலவு கேளுங்கள். ஒன்று, ஒவ்வொரு செட்டின் நடுவிலும் வைக்கும் உள் இண்டிகேட்டர் பட்டை. முடிந்தால் சூடு, நேரம், நீராவி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் டைப் 5. இரண்டு, வாரம் ஒருமுறையாவது ஸ்போர் சோதனை. ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற, சூட்டுக்கு எளிதில் அசையாத கிருமியின் ஸ்போர் உள்ள குப்பியை, நீராவி போகக் கஷ்டப்படும் இடத்தில், அதாவது நன்றாக அடுக்கிய செட்டுக்கு நடுவில் வைத்து ஏற்றுங்கள். பிறகு 56 டிகிரி இன்குபேட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்றாத குப்பி ஒன்றையும் கூடவே வையுங்கள். அது மஞ்சளாக மாற வேண்டும், ஏற்றியது மாறக் கூடாது. உங்களிடம் இன்குபேட்டர் இல்லையென்றால் பக்கத்தில் உள்ள நல்ல மைக்ரோபயாலஜி லேபில் பேசிப் பாருங்கள். உடலுக்குள் தங்கும் பிளேட், ஸ்க்ரூ, மெஷ் ஏற்றும் ஒவ்வொரு லோடிலும் ஒரு குப்பி வேண்டும். லோடு எண்ணும் தேதியும் ஒவ்வொரு செட்டிலும், நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் இருந்தால்தான், குப்பி மஞ்சளானால் எந்தெந்தச் செட்டைத் திரும்ப எடுப்பது என்று தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் ஓடியில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்து வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். பாதிப் பேருக்குத் தெரியும். நாலு கேஸுக்கு இரண்டே செட் இருந்தால், தெரிந்தவரும் கழுவலை 5 நிமிடத்தில் முடிப்பார், 30 நிமிடத்தை 15 ஆக்குவார், ஈரச்செட்டைக் கண்டும் காணாமல் எடுத்துவைப்பார். கழுவ, காயவைக்க, அடுக்க, ஏற்ற, ஆறவைக்க என்று ஒரு செட் திரும்பி வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இதைத் தாளில் மணிக்கணக்கோடு எழுதி, ஒரு நாள் லிஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து மேனேஜ்மென்ட்டிடம் காட்டுங்கள். அறிவுரையாகச் சொன்னால் கேட்காதவர்கள் கணக்காகக் காட்டினால் கேட்பார்கள். எனக்கு இரண்டு சிசேரியன் செட் அப்படித்தான் கிடைத்தது.

ஆக, எதை முதலில் என்றால்: நாளைக் காலையில் ஒவ்வொரு பின்னுக்கும் நடுவில் ஒரு இண்டிகேட்டர் பட்டை, செலவு சில ரூபாய்தான். அதே நாளில் பின் துளையையும் காற்று வால்வையும் யார் பார்த்தது என்று கையெழுத்து வாங்க ஒரு நோட்டு. லேப்ராஸ்கோப்பிக்கு 20 நிமிடம் என்பதை இந்த வாரமே நிறுத்துவதற்கு சர்ஜனிடம் தனியாகப் பேசுங்கள், தியேட்டரில் எல்லார் முன்னாலும் வேண்டாம். கழுவும் இடத்தை அதற்கடுத்து எடுங்கள், அதற்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

கழுவும் அந்த ஆயாம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும், அவர் தினமும் கை வைப்பது அதில்தான். போடவில்லை என்றால் முதல் ஊசியை இந்த வாரமே போடச் சொல்லுங்கள். அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். தேதியை அவர் மறந்தாலும் நீங்கள் மறக்காத இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.